அருவிக்குப் போன நல்லெண்ணெய்

தென்காசிக்காரனிடம் அருவி என்று சொன்னால் அவன் கை தானாகத் துண்டைத் தேடும். அருவியைப் 'பார்க்க' நாங்கள் போவதில்லை. பார்ப்பதற்கு அதில் என்ன இருக்கிறது, தண்ணீர்தானே? தலையைக் கொடுப்பதற்குத்தான் அருவி. இந்த விஷயத்தில் என் சித்தப்பா ஊருக்கே ஒரு படி மேல். சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலம் பேரருவியில் இன்றைக்கு எப்படி விழுகிறது என்று விசாரிக்காமல் காலைக் காபியைத் தொட மாட்டார். ஆனால் மே மாதம் குற்றாலம் வெறும் பாறையாகக் கிடக்கும். பிள்ளைகளுக்கோ அப்போதுதான் லீவு. அப்படித்தான் 2025 மே மாதம் நீலகிரிக்குப் போவது என்று முடிவானது.

பெங்களூரில் வேலை பார்க்கும் அவர் மகன், கேரவன் எடுத்துக்கொண்டு போகலாம் என்றான்.

"கேரவனா? அது நடிகை மேக்கப் போடுற வண்டியில்லாலே?"

படுக்கை, அடுப்பு, கக்கூஸ் மூன்றும் வண்டிக்குள்ளேயே இருக்கும் என்று அவன் விளக்கினான். "அடுப்பும் கக்கூஸும் பக்கத்துப் பக்கத்துலயா?" என்றாள் சித்தி. பேச்சு பாதியில் நின்றது. வாடகையைக் கேட்டதும் மீதியும் நின்றது. கடைசியில் பன்னிரண்டு சீட் வேன் ஒன்று வந்தது. பின் சீட்டில் ஜமுக்காளத்தை விரித்து, ஜன்னலோரம் ஏழு துண்டுகளைத் தொங்கவிட்டு, "இதுதாம்லே கேரவன்" என்று சித்தப்பா பெயர் சூட்டினார்.

வண்டியில் ஏறிய சாமான்களில் முக்கியமானது ஒரு லிட்டர் செக்கு நல்லெண்ணெய். அருவிக் குளியலுக்கென்றே தனியாக ஆட்டி வாங்கியது. எங்கள் குடும்ப வழக்கப்படி அது ஒரு பழைய கூல்டிரிங்க் பாட்டிலில் இருந்தது.

நீலகிரிக்கு ஏற இப்போது இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் அமலில் இருக்கிறது. போதாதற்கு 2025 ஏப்ரலிலிருந்து சீசன் நேரத்தில் வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்துவிட்டார்கள். "மலைக்கும் ஹவுஸ்புல் போர்டா!" என்று சித்தப்பா வியந்தார். பாஸை நான் ஒழுங்காக எடுத்திருந்தேன். நாங்கள் மாட்டியது பாட்டிலில். மலையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அது தண்ணீர் பாட்டிலுக்குத்தான் என்று நினைத்திருந்தோம்.

"பாட்டில் மேல போகக் கூடாதுங்கய்யா" என்றாள் அடிவாரத்தில் வண்டியைச் சோதித்த பெண்.

"பாட்டில் போகாட்டி எண்ணெய் எப்படிம்மா போகும்?"

"எண்ணெய் தாராளமா போலாமுங்க."

சட்டத்தில் இருந்த இந்த ஓட்டையைச் சித்திதான் கண்டுபிடித்தாள். நாலடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியரின் மேல் அடுக்கில் இருந்த மிளகாய்ப் பொடியைக் காகிதத்தில் கொட்டி மடித்து, அந்த அடுக்கில் எண்ணெயை ஊற்றி மூடினாள். அடியில் இரண்டு அடுக்கு இட்லி, அதன் மேல் எலுமிச்சைச் சாதம், எல்லாவற்றுக்கும் தலையில் குளியல் எண்ணெய். சரித்திரத்தில் பல பெரிய சங்கதிகள் இப்படித்தான் தொடங்கியிருக்கின்றன.

முதல் அருவி குன்னூருக்கு ஏழு கிலோமீட்டர் முன்னால், மலைப்பாதையிலேயே வந்தது. லா அருவி. இந்த மலைப்பாதை போடும் வேலையை மேற்பார்த்த லா என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரியின் பெயர். "லா காலேஜ் மாதிரி லா அருவியா? அப்ப சட்டம் பேசத்தான் செய்யும்" என்றார் சித்தப்பா, துண்டை உருவிக்கொண்டே. டிரைவர் நிறுத்தவில்லை. பின்னால் சீசன் கூட்டம் ஒலிப்பானில் கை வைத்துக்கொண்டு வந்தது. மரங்களுக்கு நடுவே வெள்ளையாக ஒரு கோடு தெரிந்து மறைந்தது. சித்தப்பா கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அடுத்த வளைவில் துண்டை மடித்தார்.

இரண்டாவது கேத்தரின் அருவி. அது இருப்பது கோத்தகிரிப் பக்கம். நாங்கள் போனது குன்னூரில் டால்பின் மூக்கு என்ற காட்சிமுனைக்கு. எதிர்மலையிலிருந்து பார்ப்பதுதான் அதற்கு அழகு என்று லாட்ஜ்காரர் போனில் சொல்லியிருந்தார். 250 அடி அருவி. அங்கே நாங்கள் கண்டது மூடுபனி. பாலில் விழுந்த ஈ போலப் பதினோரு பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அருவி விழுகிற திசை என்று ஒவ்வொருவரும் ஒரு பக்கம் கையைக் காட்டினார்கள். அரை மணி கழித்துப் பனி ஒரு ஜன்னல் அளவுக்கு விலகியது. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், நூல் நூற்றது போல ஒன்று.

"அதுவா?"

"அதுதான்."

"அங்கன போய்க் குளிச்சிட்டு இங்கன வந்து பாக்கணுமா, இங்கன பாத்துட்டு அங்கன போய்க் குளிக்கணுமா?"

கோத்தகிரியில் காபி பயிரிட்ட காக்பர்ன் துரை மனைவியின் பெயர் கேத்தரின். அந்தப் பெயரைத்தான் அருவிக்கு வைத்திருக்கிறார்கள் என்று நான் படித்ததைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "அந்தம்மா பேரு அருவிக்கே இருக்கு. இவுக ரேஷன் கார்டுல என் பேரத் தப்பா எழுதி முப்பது வருசமாச்சு, இன்னும் திருத்தல" என்றாள் சித்தி. படுகர்கள் அதே தண்ணீரை கெத்தெஹாட ஹள்ளா என்று அடிவாரப் பள்ளத்தை வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்று நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். மாறவில்லை.

எனக்கு ஒன்று தோன்றியது. எங்கள் ஊரில் அருவிக்கு யாரும் பெண்டாட்டி பேர் வைப்பதில்லை. ஐந்தாக விழுந்தால் ஐந்தருவி, அவ்வளவுதான். தண்ணீருக்குள் நின்று எண்ணினால் ஐந்து. எட்ட நின்று பார்க்கிறவனுக்குத்தான் அது கேத்தரின்.

பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் சித்தப்பா நேரடியாகவே கேட்டுவிட்டார், குளிக்கிற இடம் எது என்று. அவர் தலையில் போட்டிருந்த கம்பளியைச் சரிசெய்துகொண்டு எங்களை மேலும் கீழும் பார்த்தார். "இந்தத் தண்ணியில பாத்திரம் கழுவுனாலே கை விறைக்குதுங்க. குளிக்கவா வந்தீங்க, அம்புட்டுத் தூரத்துல இருந்து?"

அன்று மதியம் ரோட்டோரம் இட்லி. பொடி இருந்தது, குழைக்க எண்ணெய் இல்லை. மேல் அடுக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சித்தப்பா வேனில் தூங்கிக்கொண்டிருந்தார். "ரெண்டு ஸ்பூன்தானே" என்று முதலில் சொன்னது யார் என்பது பற்றிக் குடும்பத்தில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

மறுநாள் பைக்காரா. ஊட்டியிலிருந்து கூடலூர் சாலையில் இருபது கிலோமீட்டர். போகிற வழியில் டிரைவர், இந்த ஆறு முக்குருத்திப் பக்கம் பிறக்கிறது, அது தேசியப் பூங்கா என்றார். சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பூங்கான்னா பெஞ்சு போட்டிருப்பானே? கால நனைக்கத் தொட்டி இருக்குமே?" 1990இல் வரையாட்டுக்காக அறிவித்த பூங்கா அது, வனத்துறை அனுமதி இல்லாமல் நம்மைப் போன்றவர்கள் நுழைய முடியாது என்றேன். "ஆட்டுக்குப் பூங்கா. மனுசனுக்கு இ-பாஸ்."

பைக்காரா அருவியை நான் குறை சொல்ல மாட்டேன். அது தலைக்கு மேலிருந்து கொட்டுவதில்லை. படிப்படியாகப் பாறையில் சறுக்கி, நுரைத்து, அகலமாக இறங்குகிறது. பார்த்ததுமே சித்தப்பா சட்டையைக் கழற்றினார். துண்டை இடுப்பில் கட்டிய மறு நிமிஷம் விசில் சத்தம்.

"ஐயா, குளிக்கக் கூடாதுங்க. பாறை வழுக்கும், உள்ள சுழல் இருக்குது."

"பெறகு எதுக்குய்யா அருவி?"

"பாக்கறதுக்குங்க."

"எவ்வளவு நேரம் பாக்கணும்?"

காவலாளி இந்தக் கேள்வியை அதுவரை சந்தித்ததில்லை போல. யோசித்து, "ஒரு பத்து நிமிசம் பாருங்க" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. குற்றாலத்தில் பேரருவித் தண்ணீர் மலையிலிருந்து நேராக நம் மண்டையில் இறங்குவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்ற பாறைக் குழியில் விழுந்து, பொங்கி, வேகத்தைத் தொலைத்துவிட்டுத்தான் வருகிறது. குளிப்பாட்டுவதற்கென்றே பழக்கின யானை மாதிரி. நீலகிரித் தண்ணீரை அப்படி யாரும் பழக்கவில்லை. அல்லது வேறு வேலைக்குப் பழக்கிவிட்டார்கள்: பைக்காராவில் 1932 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். மூவாயிரம் அடிக்கு மேல் குழாயில் தள்ளிச் சிங்காராவில் இறக்கி, கோயம்புத்தூர் மில்களை ஓட்டிய தண்ணீர் இது. அதற்கும் முன்னாலிருந்தே தோடர்களுக்கு இது புனித ஆறு. இதைக் கடப்பதற்கே முறைகள் வைத்திருந்தவர்கள். ஒரு பக்கம் சாமி, ஒரு பக்கம் மின்வாரியம். நடுவில் சித்தப்பா, துண்டோடு.

அவர் பத்து நிமிஷம் பார்த்தார். கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தார்.

கல்லட்டி அருவி ஒன்று பாக்கி. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் 36 கொண்டை ஊசி வளைவுச் சாலையில் வெளியூர் வண்டி கீழே இறங்கக் கூடாது. டிரைவர் அந்தப் பக்கம் முகத்தையே திருப்பவில்லை.

இரவு ஓட்டலில் இட்லி பார்சல். அந்த ஓட்டல் சட்னி தேங்காயைக் கண்டதாகத் தெரியவில்லை. பொடி வெளியே வந்தது. மேல் அடுக்கும் வந்தது. மறுநாள் காலை பேரப்பிள்ளைகளுக்குத் தோசை.

ஊட்டியை விட்டுக் கிளம்பும் காலை, சித்தப்பா ஒரு முடிவோடு எழுந்தார். லாட்ஜில் சுடுதண்ணீர் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை, ஆளுக்கு ஒரு பக்கெட். "அருவி கிடைக்கல, பக்கெட்டாவது கிடைச்சுதே. எண்ணெய் தேய்ச்சு முழுகிட்டுத்தான் மலைய விட்டு எறங்குவேன்." ஸ்வெட்டர், மப்ளர், பனியன் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, ஈரிழைத் துண்டைக் கட்டிக்கொண்டு, பல் கிட்டிக்க வராந்தாவுக்கு வந்தார்.

"ஏளா, அந்தத் தூக்க எடு."

சித்தி என்னைப் பார்த்தாள். நான் பிள்ளைகளைப் பார்த்தேன். பிள்ளைகள் ஊட்டியைப் பார்த்தார்கள்.

அவரே போய் மேல் அடுக்கைத் திறந்தார். அடியில் ஒரு ஸ்பூன் அளவுக்கு எண்ணெய், அதில் சிவப்பாக மிளகாய்ப் பொடி வண்டல், ஓரத்தில் ஒட்டிய ஒரு பருக்கை இட்லி. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். ஒரு விரலால் தொட்டு, உச்சந்தலைக்குக் கொண்டுபோகப் போனவர், பாதி வழியில் மனம் மாறி வாயில் வைத்தார்.

"உப்பு ஒரு கல்லு கூட" என்றார்.