அத்தியைத் தூங்க வைத்தல்

தொட்டியில் வளரும் இளம் சீமை அத்தியைச் சாகடிக்கக் கடுங்குளிர் தேவையில்லை. மிதமான குளிர்காலமும் அக்கறை மிகுந்த ஒரு தோட்டக்காரரும் சேர்ந்தால் போதும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவைச் சுற்றிய புறநகர்களில், இவை இரண்டுக்கும் பஞ்சமே இல்லை. அந்நாட்டு வேளாண் துறையின் வரைபடத்தில் அட்லாண்டா எட்டாம் மண்டலம். அதாவது, ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவு சராசரியாக மைனஸ் 12-க்கும் மைனஸ் 7-க்கும் இடைப்பட்ட செல்சியஸ் டிகிரிகளில் இருக்கும். அது ஓரிரு இரவுகளின் கதை. மற்றபடி ஜனவரியிலேயே சில நாட்கள் 20 டிகிரியைத் தொடும். ஜனங்கள் அரைக்கைச் சட்டையோடு நாயை நடத்திக்கொண்டு போவார்கள். அத்தி ஏமாறுவது இந்த நாட்களில்தான்.

ஃபைகஸ் காரிகா எனப்படும் இந்த மரத்தின் பூர்வீகம் மேற்கு ஆசியாவும் மத்தியதரைக் கடலோரமும். நம் ஊர் ஆற்றங்கரை அத்திக்கு இது பங்காளி. அந்த அத்தி மரத்தில் செய்த காஞ்சிபுரத்து அத்தி வரதர் 40 ஆண்டு குளத்துக்குள் இருந்துவிட்டு அசையாமல் எழுந்தருள்கிறார். இந்தப் பங்காளிக்கோ தொட்டியில் வைத்தால் ஒரு பனி இரவே கண்டம். நிலத்தில் வேரூன்றி, இலை உதிர்த்து, நன்றாக உறங்கிவிட்ட பெரிய மரம் மைனஸ் 10 டிகிரியையும் பெரும்பாலும் தாங்கும். ஓரிரு வயதுக் கன்றின் தண்டு இன்னும் பச்சையாக, நீர் நிறைந்து இருப்பதால், மைனஸ் 4, 5 டிகிரியிலேயே நுனி கருகத் தொடங்கும். வேர் அதைவிட நோஞ்சான். தரைக்குள் இருக்கும் வேருக்குப் பூமியே போர்வை. தொட்டிக்குள் இருப்பதற்கோ நாலாபுறமும் குளிர்காற்று. தொட்டிச் செடியை அதன் ஊரைவிட இரண்டு மண்டலம் குளிர்ந்த ஊரில் இருப்பதாகக் கணக்கிட்டுக்கொள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

ஆனாலும் குளிர் நேர்மையான எதிரி. வானிலை அறிக்கையில் சொல்லிவிட்டு வரும். இடையிடையே வரும் வெப்பம் அப்படியல்ல. இலையுதிர் மரங்கள் விழித்துத் துளிர்க்குமுன் குறிப்பிட்ட அளவு குளிரை அனுபவித்தாக வேண்டும். பல ஆப்பிள் வகைகளுக்கு 7 டிகிரிக்குக் கீழே ஆயிரம் மணி நேரம் வரை தேவைப்படும். அத்தி அந்தக் கடனைச் சில நூறு மணி நேரத்திலேயே அடைத்துவிட்டு, ஜனவரியிலிருந்து சும்மா படுத்திருக்கிறது. பிப்ரவரியில் ஒரு வாரம் வெயில் அடித்தால் போதும், கணுக்களில் மொட்டு பச்சை காட்டிவிடும். துளிர்விட்ட அத்திக்கு மைனஸ் 1 டிகிரியே அதிகம். 2007-இல் மார்ச் மாதம் முழுக்க இளஞ்சூடாக இருந்து, அமெரிக்கத் தென்கிழக்கின் மரங்களெல்லாம் நம்பித் தழைத்த பிறகு, ஈஸ்டர் வாரத்தில் உறைபனி இறங்கியது. ஏப்ரலில்! 2022 டிசம்பரில் நேர்மாறு: கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, மழை பெய்துகொண்டிருந்த அட்லாண்டா ஒரே இரவில் மைனஸ் 13-க்கு விழுந்தது. ஆகவே தோட்டக்காரரின் வேலை இரண்டு: கொடுங்குளிர் இரவுகளில் மரத்தைக் காப்பாற்றுவது, மற்ற நாட்களில் அது விழித்துவிடாமல் பார்த்துக்கொள்வது. முதல் வேலைக்கு எல்லோரும் ஓடி வருவார்கள். இரண்டாவதற்குச் சும்மா இருக்கத் தெரிய வேண்டும். அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

குளிர்காலத்துக்கான ஏற்பாடு ஆகஸ்டிலேயே தொடங்குகிறது. அப்போதே தழைச்சத்து உரத்தை நிறுத்திவிட வேண்டும். செப்டம்பரில் உரம் கண்ட கன்று அக்டோபரில் வாழைக்குருத்துப் போல ஒரு பச்சைத் தண்டை நீட்டும். உரிமையாளர் அதைப் படமெடுத்து உறவினர்களுக்கு அனுப்புவார். நவம்பர் பனி அதைக் கறுக்கடித்துவிடும். கிளையில் எஞ்சிய பெரிய பச்சைக் காய்களையும் பறித்துவிடலாம். அவை இனிப் பழுக்காது என்பதை மரம் ஒப்புக்கொண்டு வெகுநாளாகியிருக்கும். உரிமையாளர் ஒப்புக்கொள்ளத்தான் ஒரு மாதம் கூடுதலாகும். பறிக்கும்போது வடியும் பால் தோலை அரிக்கும் என்பதால் கையுறை நல்லது.

இலை உதிர்ந்ததும் தொட்டிகள் போகும் இடம் கராஜ். 0 முதல் 7 டிகிரிக்குள் இருக்கும் கராஜ் இளம் அத்திக்குச் சொர்க்கம். இலையில்லாத மரத்துக்கு வெளிச்சம் வேண்டாம். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர், வேர் காய்ந்து போகாத அளவுக்கு. அதற்கு மேல் ஊற்றினால் வேர் அழுகும். எலி வந்தால் பட்டையைச் சுற்றிக் கொறித்துவிடும் என்பதால் பொறி ஒன்று இருக்கட்டும். மற்றபடி கராஜில் உள்ள ஒரே சிக்கல் அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் கார். முப்பதாயிரம் டாலர் கொடுத்து வாங்கிய வண்டி வெளியே பனியில் கிடக்க, போத்து நட்டு வளர்த்த கன்றுகள் உள்ளே இடம்பிடிக்கும். மறுநாள் காலை வேலைக்குப் போகும் அவசரத்தில் கார்க் கண்ணாடியின் பனியைச் சுரண்டுபவர் வேறொருவராக இருக்கும் வீடுகளில், அத்தி வளர்ப்பு குடும்ப விவகாரமாகவும் ஆகிவிடுகிறது.

பரிதாபப்பட்டு மரத்தை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிடுபவர்களும் உண்டு. இவர்களில் சென்னை மார்கழியில் 20 டிகிரிக்கே மஃப்ளரும் குரங்குக் குல்லாவும் எடுத்த பரம்பரையினர் கணிசம். ஹீட்டர் ஓடும் வரவேற்பறையில் அத்தி பத்தே நாளில் விழித்துக்கொண்டு, வெளிச்சம் போதாமல் வெளுத்து நீண்ட தண்டுகளை விடும். கூடவே சிலந்திப்பேன் வந்து சேரும். வீட்டை ஒட்டிய கராஜும் பிப்ரவரியில் 15 டிகிரிக்குச் சூடேறினால் இதே பலன்தான். அதனால் மைனஸ் 2, 3 டிகிரிக்குக் கீழே போகாத நாட்களில் உறங்கும் கன்றை வெளியே விட்டுவைப்பதே மேல். அதுவும் வீட்டின் வடக்குப் பக்க நிழலில். ‘பாவம், கொஞ்சம் வெயில் படட்டுமே’ என்று தெற்குச் சுவரோரம் வைப்பது பெரும்பாலோர் செய்வது; அந்தச் செங்கல் சுவர் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து மரத்துக்குத் தவறான செய்தி சொல்லும். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியானால் இன்னும் மோசம். அதற்கும் கீழே குளிர் இறங்கும் இரவுகளில் மட்டும் உள்ளே, மற்ற நேரம் வெளியே. இந்த ஏற்றி இறக்கும் வேலையில் மரத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. இடுப்புக்கு ஆகும். ஆகவே தொட்டி வாங்கும்போதே சக்கரப் பலகையும் வாங்குவது புத்திசாலித்தனம்.

கராஜ் இல்லாதவர்கள் தொட்டிகளை மரத்தளத்திலிருந்து இறக்கித் தரையில் நெருக்கமாகச் சேர்த்து வைக்க வேண்டும். முடிந்தால் விளிம்பு வரை மண்ணில் புதைக்க வேண்டும். சுற்றிலும் மேலும் மூடாக்கு. ஜார்ஜியாவில் இதற்குப் பைன் ஊசியிலைச் சருகு கட்டுக் கட்டாகக் கிடைக்கும்; காசு செலவழிக்க மனமில்லாதவருக்கு, அக்கம்பக்கத்தார் கூட்டித் தெருவோரம் வைக்கும் சருகு மூட்டைகள் இருக்கவே இருக்கின்றன. உறைபனிக்கு முந்தைய பகலில் மண்ணை நனைத்துவிடுவது நல்லது, ஈரமண் காய்ந்த மண்ணைவிட அதிகச் சூட்டைத் தேக்கிவைக்கும். சுட்ட மண் தொட்டியென்றால் ஈரம் உறைந்து விரிசல் விடும் அபாயம் உண்டு.

போர்த்துவதிலும் முறை இருக்கிறது. கோணிச் சாக்கு, பழைய போர்வை, மூச்சுவிடும் துணி எதுவும் ஆகும், பிளாஸ்டிக் ஆகாது. பகல் வெயிலில் உள்ளே வெந்து, இரவில் வியர்த்து, மரம் பூஞ்சணம் பிடிக்கும். துணி தரை வரை தொங்கினால்தான் மண்ணிலிருந்து எழும் சூடு உள்ளே தங்கும். உச்சியில் போர்வையைச் சுற்றித் தண்டோடு கயிறு கட்டுவது மரத்துக்குத் தலைப்பாகை மட்டுமே. உள்ளே கிறிஸ்துமஸ் சரவிளக்குப் போடுபவர்கள் பழைய இழை பல்புகளைப் போட வேண்டும். எல்இடி விளக்கு அழகாக எரியும், அவ்வளவுதான். இந்த ஏற்பாடெல்லாம் தெளிந்த வானத்து, காற்றில்லாத இரவுகளில் நன்றாகப் பலிக்கும். 2022-இல் போல வடக்கிலிருந்து காற்றோடு வரும் குளிரில் வெறும் துணி அதிகம் உதவாது. அன்றைக்குக் கராஜ்தான் கதி, கார் என்ன சொன்னாலும்.

நியூயார்க்கின் புரூக்ளினில் இத்தாலியக் குடியேறிகள் அத்தியைக் கம்பளத்திலும் தார்த்தாளிலும் சுற்றி, உச்சியில் ஒரு வாளியைக் கவிழ்த்து, வசந்தம் வரை நிற்க வைப்பது பிரசித்தம். அதைப் பார்த்து ஜார்ஜியாவிலும் வாளி கவிழ்ப்பவர்கள், புரூக்ளினில் குளிர் இடைவிடாமல் இருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். இங்கே காலையில் போர்த்தியதை எடுத்தாக வேண்டும்.

அட்லாண்டாவில் கடைசி உறைபனியைக் கடந்துவிட்டதாகத் தோட்டக்காரர்கள் நம்புவது ஏப்ரல் 15-ஐ ஒட்டி; வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்கும் அதுவே கெடு. தமிழ் வீடுகளில் சித்திரை பிறந்த மறுநாள் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். அப்போதும் கன்று குச்சியாகவே நின்றால், நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பார்ப்பது வழக்கம். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தினமும் ஓர் இடத்தில் சுரண்டிப் பார்த்தால் அந்தப் பச்சையும் மிஞ்சாது. தண்டு முழுக்கப் பழுப்பானாலும் தொட்டியைக் கவிழ்த்துவிடக் கூடாது. வேர் பிழைத்திருந்தால் மே மாதக் கடைசியில்கூட மண்ணிலிருந்து குருத்து கிளம்பும். முதல் போகக் காய்கள் சென்ற ஆண்டுக் கிளையில் வருபவை, அவை போனது போனதுதான். முக்கியப் போகம் புதுக்கிளையில் காய்ப்பது. பிரவுன் டர்க்கி, சிகாகோ ஹார்டி போன்ற ரகங்கள் தரைமட்டத்திலிருந்து மறுபடி முளைத்தும் அதே ஆண்டின் கடைசியில் சில பழங்களைத் தரும், அணில்களும் பறவைகளும் விட்டுவைத்தால்.