ஜன்னலுக்கு வந்த வாழ்வு

மும்பை மாட்டுங்காவில் 1930-களின் கட்டடங்கள் மறுகட்டுமானத்துக்காக இடிபடும்போது, பர்மா தேக்கு ஜன்னல்கள் பழைய மரச் சந்தைக்கு லாரி ஏறுகின்றன. சில தாராவிக்குப் போய்த் தகரச் சுவரில் மறுபடியும் ஜன்னலாகவே வேலை பார்க்கும். பாவம், வேறு தொழில் தெரியாதவை.

அதிர்ஷ்டக்கார ஜன்னல்கள் ஜோகேஸ்வரி ஓஷிவாரா பழம்பொருள் கடைகள் வழியாக ‘ஆன்டிக்’ ஆகிவிடுகின்றன. வீட்டில் இருந்தவரை வருஷா வருஷம் பெயின்ட் அடித்தோம். இப்போது உரிந்திருந்தால்தான் விலை!

செம்பூர் நண்பர் ஒன்றை வாங்கி, பின்னால் முகம் பார்க்கும் கண்ணாடி பதித்து, ஹால் சுவரில் மாட்டியிருக்கிறார். பக்கத்தில் ஏசிக்காக நிரந்தரமாக மூடிய அலுமினிய ஜன்னல். அவருடைய அம்மா துருப்பிடித்த கொக்கியைத் தூக்கினார்.

“ஏன்டா, இதத் தொறந்தா காத்து வருமா?”

திறந்தார். அவர் முகம்தான் தெரிந்தது.