நண்டு இழுத்த கூட்ஸ் வண்டி

அந்தக் காலத்தில் பம்பாய்க்குப் பிழைக்கப் போன தாத்தா 'நண்டு என்ஜின்' என்று ஒன்றைச் சொல்வார். நிஜமா, கதையா?
- தறிக்காரர், அம்மாபேட்டை

நிஜம்தான். பம்பாயிலிருந்து புனே, இகத்புரி பக்கம் மலையேறும் சரக்கு வண்டிகளுக்காக, கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே 1928 வாக்கில் வாங்கிய 41 மின்சார என்ஜின்கள் அவை. பத்து என்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவை, மீதி இங்கிலாந்தில். ஆல்ப்ஸ் மலையில் ஓடிய இதன் மூத்த அண்ணனுக்கு, நீண்ட மூக்கைப் பார்த்து 'முதலை' என்று பெயர் வைத்தார்கள். பம்பாய்க்காரர்கள் கண்ணில் பட்டதோ கால்கள். 'கேக்டா' என்றார்கள், அதாவது நண்டு.

உங்களுக்கு இது சட்டென்று புரியும். விசைத்தறியில் மோட்டாரின் சுழற்சி பெல்ட் வழியாகக் கிராங்குக்குப் போய், தறியை முன்னும் பின்னும் ஆட்டுகிறதல்லவா? இதிலும் மோட்டார் நேராகச் சக்கரத்தைச் சுற்றாது. பல்சக்கரம் வழியாக ஓர் அச்சைச் சுற்றும். அந்த அச்சோடு பிணைத்த இரும்புத் தண்டுகள் சக்கரங்களை உருட்டும். டெல்லி மியூசியத்தில் அதன் அருகில் நின்றிருக்கிறேன். ஆளைவிட நீளமான தண்டு, முழங்கை மடிந்த மாதிரி நிற்கிறது. நண்டு என்று முதலில் சொன்னவனைக் கும்பிடத் தோன்றியது.

அவ்வளவு நீள என்ஜின் மலை வளைவில் எப்படித் திரும்பும்?
- பாலிடெக்னிக் மாணவர், அம்மாபேட்டை

உடம்பு ஒரே துண்டு இல்லை. இரண்டு மூக்கு, நடுவில் ஒரு கூடு என்று மூன்று துண்டு. வளைவுக்கு ஏற்ப மடங்கிக் கொடுக்கும். மொத்தம் 2,600 குதிரைசக்தி. புனே போகும் வழியில் ஏற வேண்டிய 'போர் காட்' மலைப்பாதையின் ஏற்றமோ 37 அடிக்கு ஓரடி!

மலை இறங்கும்போது மின்சாரம் வீண்தானே?
- இல்லத்தரசி, அம்மாபேட்டை

வீணாகவிடவில்லை, அம்மா. இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி, மேலே உள்ள கம்பிக்கு மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கும். எதிரே ஏறி வரும் வண்டி அதை வாங்கிக்கொள்ளும். நூறு வருஷத்துக்கு முந்தைய சிக்கனம்!

நம் சேலம் - விருத்தாசலம் லைன் மீட்டர் கேஜாக இருந்ததே. மீட்டர் கேஜில் மின்சார என்ஜின் ஓடியதுண்டா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்மாபேட்டை

சேலத்தில் இல்லை, சென்னையில் ஓடியது. நான் ஆசையாகக் காத்திருந்த கேள்வி, ஐயா. 1931-இல் தென்னிந்திய ரயில்வே கடற்கரை - தாம்பரம் பாதையில் மின்சார ரயில் விட்டது எல்லோருக்கும் தெரியும். கூடவே சரக்கு இழுக்க நான்கு சின்ன மின்சார என்ஜின்களும் வந்தன. ஆனால் சைடிங்குகளில் கம்பி கிடையாதே! அதற்காக என்ஜினுக்குப் பின்னால் பேட்டரி நிரப்பிய ஒரு வண்டியைக் கோத்துவிட்டார்கள். கம்பி முடிந்த இடத்தில் பேட்டரியில் ஓடும். பேட்டரி வாகனம் என்று இன்று கொண்டாடுகிறோம். எழும்பூர்ப் பக்கத்து ரயில்காரர்களுக்கு அது பழைய சேதி.

அறுபதுகளில் விழுப்புரம் வரை கம்பி நீண்டபோது, ஜப்பானின் மிட்சுபிஷியிடமிருந்து 20 என்ஜின்கள் வந்தன. நாட்டில் மீட்டர் கேஜில் ஓடிய ஏ.சி. மின்சார என்ஜின்கள் அவை மட்டுமே. பயணி வண்டி, சரக்கு வண்டி இரண்டையும் இழுத்தன.

என்ஜின் மேல் எழுதியிருக்கும் எழுத்துகளுக்கு என்ன அர்த்தம்?
- ஆறாம் வகுப்பு மாணவி, அம்மாபேட்டை

டபிள்யூ என்றால் அகலப் பாதை, ஒய் என்றால் மீட்டர் கேஜ். ஏ என்றால் ஏ.சி. மின்சாரம், சி என்றால் டி.சி. ஜி என்றால் கூட்ஸ். நண்டுக்குப் பிற்பாடு வைத்த பெயர் டபிள்யூ.சி.ஜி-1. இப்போது நீயே படித்துவிடுவாய்!

இவற்றை எங்கே போய்ப் பார்ப்பது?
- ஜவுளி வியாபாரி, அம்மாபேட்டை

டெல்லி தேசிய ரயில் மியூசியத்தில் 'சர் லெஸ்லி வில்சன்' என்று பெயர் எழுதிய நண்டு நிற்கிறது. மும்பை நேரு அறிவியல் மையத்தில் இன்னொன்று. டெல்லிக்குப் போனால், நண்டைப் பார்த்த வேகத்தில் திரும்பிவிடாதீர்கள். நம் சென்னை நால்வரில் ஒன்று, 21900 என்ற எண்ணோடு அதே வளாகத்தில் நிற்கிறது. அதையும் தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.