லினக்ஸ் திரையில் பாகப்பிரிவினை: மூன்று நெறிகளும் ஒரு விளைவும்

கணினித் திரையில் ஒரு சாளரம் மற்றொன்றின் மேல் ஏறி நிற்கலாமா கூடாதா என்னும் வழக்கு 1981 முதல் நிலுவையில் உள்ளது. அந்த ஆண்டு ஜெராக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஸ்டார் கணினி, சாளரங்களை ஒன்றன்மேல் ஒன்று படவிடாமல் பக்கம் பக்கமாக அடுக்கியது. 1984-இல் வந்த மெக்கின்டாஷ், ஏறி நிற்கலாம் என்றது. 1985 நவம்பரில் வந்த விண்டோஸ் 1.0 கூடாது என்றது. 1987 இறுதியில் வந்த விண்டோஸ் 2.0-இல் அதுவும் கட்சி மாறிவிட்டது. வழக்கு முடிந்தது என்று உலகம் எழுந்து போனபின், லினக்ஸ் பயனர்களில் ஒரு பிரிவினர் மட்டும் மேல்முறையீடு செய்து இன்றுவரை வாதாடிவருகின்றனர். அவர்கள் கோருவது தானியங்கிப் பங்கீடு. புதுச் சாளரம் திறந்தவுடன், யாரும் மவுஸைத் தொடாமலே, திரை தானாகப் பிரிந்து அனைவருக்கும் பங்கு போய்ச் சேர வேண்டும். ஒரு பிக்சலும் தரிசாகக் கிடக்கலாகாது. இக்கோரிக்கை இடத்தைப் பங்கிடுவது பற்றியதாகத் தோன்றினும், உண்மையில் அது பங்காளிகளைத் தனிக்குடித்தனம் அனுப்பும் ஏற்பாடே என்பது இக்கட்டுரையின் துணிபு.

லினக்ஸில் இவ்வழக்கு இன்னும் உயிரோடிருப்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. எம்ஐடியில் 1984-இல் தொடங்கப்பட்ட எக்ஸ் விண்டோ அமைப்பு, திரையில் சதுரங்களை வரைந்து கொடுப்பதோடு நின்றுகொண்டது. எந்தச் சதுரம் எங்கே நிற்க வேண்டும் என்பதை விண்டோ மேனேஜர் என்னும் தனி நிரலிடம் விட்டுவிட்டது. நிலம் ஒருவரிடம், பட்டா எழுதும் அதிகாரம் வேறொருவரிடம் என்றால் பட்டா எழுதுவோர் பெருகுவது இயற்கை. அப்படியே பெருகினர். 2006-இல் டிடபிள்யூஎம், 2007-இல் எக்ஸ்மோனாட், அதே ஆண்டில் ஆசம், 2009-இல் ஐ3 என்று வரிசையாக வந்தன. வேலண்ட் என்னும் புதிய ஏற்பாட்டில் நிலமும் பட்டாவும் ஒரே கைக்குப் போய்விட்டபோதும் ஸ்வே, ஹைப்பர்லேண்ட் ஆகியவை பிறந்தன. ஆகவே பட்டா எழுதும் ஆசைக்குத் தொழில்நுட்பம் சாக்கு மட்டுமே என்று கொள்ள இடமுண்டு.

இவற்றின் சட்டங்களை ஒப்பிட்டால் மூன்று நெறிகள் தெளிவாகத் துலங்குகின்றன. முதலாவது ஐ3-இன் நெறி. இது ஏறத்தாழ மிதாட்சரம் என்னும் இந்துச் சொத்துரிமை நெறி. பிறந்தவுடனேயே உரிமை உண்டு. ஒருவர் பிறந்தால் எல்லோர் பங்கும் குறையும், ஒருவர் மறைந்தால் எஞ்சியோர் பங்கு கூடும். இரண்டு பேர் இருந்த இடத்தில் மூன்றாவது சாளரம் வந்தால் ஆளுக்கு மூன்றில் ஒன்று, யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டாவது டிடபிள்யூஎம்-இன் நெறி. இங்கே ஒருவர் தலைவர், மற்றவர்கள் வலப்புறம் ஒடுங்கி நிற்பவர்கள். மாற்றாமல் விட்டால் தலைவருக்குத் திரையின் அகலத்தில் நூற்றுக்கு 55 பங்கு. ஜமீன் முறை என்று அவசரப்பட்டு முடிவுகட்டலாகாது. ஏனெனில், ஜமீனில் மூத்தவனுக்குப் பட்டம். இங்கே கடைசியாகப் பிறந்ததே தலைமை ஏற்கிறது, நேற்றுவரை ஆண்டது நகர்ந்து மூலைக்குப் போகிறது. மூன்றாவது பிஎஸ்பிடபிள்யூஎம் என்னும் இன்னொரு மேனேஜரின் நெறி. புதிதாக வந்தது, அப்போது கவனத்தில் இருக்கும் ஒரே ஒரு சாளரத்தின் பங்கில் மட்டும் பாதியை எடுத்துக்கொள்கிறது. சித்தப்பா, பெரியப்பா பங்குகளில் ஒரு பிக்சலும் குறையாது. தகப்பன் பங்கைத் தகப்பனிடம் வாங்கு என்பது இதன் சாரம். நீதி உணர்வில் இதுவே உயர்ந்தது. வாழத் தகுந்ததா என்பது வேறு கேள்வி.

ஐ3 தன்னைத் தானியங்கி என்று சொல்லிக்கொள்வதே இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். அகலத் திரையில் அது எல்லாவற்றையும் பக்கவாட்டிலேயே நிறுத்தும். குறுக்காகப் பிரிக்க வேண்டுமென்றால் பயனரே சொல்ல வேண்டும். இதற்காக ஆட்டோடைலிங் என்னும் சிறு பைதான் நிரல் ஒன்றைத் துணைக்கு ஓடவிடுவார்கள். கவனத்தில் உள்ள சாளரத்தின் அகலம் உயரத்தைவிட அதிகமானால் நெடுக்கே வெட்டு, இல்லையேல் குறுக்கே வெட்டு என்று அது ஐ3-இன் காதில் ஓதிக்கொண்டே இருக்கும். கன்ஃபிக் ஃபைலில் ஒரு வரி சேர்த்தால் போதும். மிதாட்சரக் குடும்பம் அந்த நொடியில் மூன்றாம் நெறிக்கு மதம் மாறிவிடுகிறது.

இனிக் கணக்கு. ஒரு பங்கில் வாழ முடியுமா என்பதற்கு அளவுகோல் வேண்டும். டெர்மினலுக்கு 80 எழுத்து அகலம், 24 வரி உயரம் என்பது 1978-இல் வந்த விடி100 முனையத்தின் அளவு. அந்த 80 என்பதோ 1928-இல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையின் பத்திகள். இவ்வளவு தொன்மை வேறு எந்த அளவுகோலுக்கும் இல்லாததால் அதையே கொள்வோம். எழுத்துக்கு 10 பிக்சல் அகலம், வரிக்கு 20 பிக்சல் உயரம் என்றால், குறைந்தபட்ச வாழ்விடம் 800-க்கு 480. திரை 1920-க்கு 1080. மூன்றாம் நெறிப்படி முதல் சாளரத்துக்கு முழுத் திரை; இரண்டாவது வந்ததும் ஆளுக்கு 960-க்கு 1080; மூன்றாவது வந்ததும் கடைசி இருவருக்கும் 960-க்கு 540, அதாவது 96 எழுத்து, 27 வரி. வாழலாம். நான்காவது வந்ததும் கடைசி இருவருக்கும் 480-க்கு 540. எழுத்து 48. வாழ முடியாது. ஆறாவது சாளரத்துக்குக் கிடைப்பது 240-க்கு 270. அதில் பிழைச் செய்தியைக்கூட முழுதாகப் படிக்க இயலாது. டிடபிள்யூஎம்-இல் வலப்புறத்தின் அகலம் 864 பிக்சல். இருவர் நின்றால் ஆளுக்கு 27 வரி, மூவர் நின்றால் 18 வரி. ஆக அங்கும் தலைவரோடு சேர்த்து மூவரே. துணை நிரல் இல்லாத ஐ3-இல் மூன்றாமவர் வந்தாலே அகலம் 64 எழுத்தாகிவிடுவதால் இருவரோடு சரி. கவனத்தை மாற்றி மாற்றி வைத்து 2-க்கு 2 கட்டமாக நான்கு பேரைக் குடியேற்றலாமே எனின், ஏற்கலாம். ஆனால் கவனத்தை மாற்றி வைத்தது பயனரின் கை, தானியங்கி அன்று.

நான்காவது சாளரத்தை என்ன செய்கிறார்கள்? இங்கேதான் இந்த வழக்கின் மர்மம் அவிழ்கிறது. வேறு வொர்க்ஸ்பேஸுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஐ3-இல் 1 முதல் 0 வரை விசைகளுக்குப் பத்து வொர்க்ஸ்பேஸ், டிடபிள்யூஎம்-இல் ஒன்பது. ஒன்றில் பிரவுசர், இரண்டில் டெர்மினல், மூன்றில் அரட்டை என்று ஒவ்வொருவருக்கும் தனி வீடு, தனி அடுப்பு. அந்த வீட்டில் பிரவுசர் தனியாக முழுத் திரையில் கால் நீட்டிப் படுத்திருக்கிறது; பங்கு கேட்க ஆளில்லை. பாகப்பிரிவினைச் சட்டம் அத்தனை நுட்பமாக இயற்றப்பட்டதன் பயன், யாரும் அதன்கீழ் வாழ விரும்பாமல் வெளியேறியதுதான். விண்டோஸ் 1.0 தோற்றதையும் இக்கோணத்தில் நோக்கலாம். அதில் பிரிவினைச் சட்டம் இருந்தது, போக வேறு வீடு இல்லை. தற்செயலாக, 1986-இல்தான் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஆஸ்டின் ஹென்டர்சனும் ஸ்டூவர்ட் கார்டும் ‘ரூம்ஸ்’ என்ற பெயரில் பல திரை அறைகளை முன்மொழிந்தனர். சாளரங்களிடையே மூளும் இடச்சண்டையைத் தணிப்பதே அவர்கள் அறிவித்த நோக்கம். வீடு ஓராண்டு தாமதமாகக் கட்டப்பட்டது.

அடுக்கும் முறை வேலையை விரைவாக்குகிறது என்பது எளிதில் ஒதுக்க முடியாத தடை. சாரா பிளை, ஜாரெட் ரோசென்பெர்க் இருவரும் 1986-இல் இரு முறைகளையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், சாளரத்தின் அளவோடு உள்ளடக்கம் பொருந்திப்போகும் வேலைகளில் அடுக்கும் முறையே விரைவானது என்று கண்டனர். அதை ஏற்போம். ஆனால் உள்ளடக்கம் பொருந்தாத வேலைகளில் ஏறி நிற்கும் முறை சிலருக்கு விரைவாகவும், வேறு சிலருக்கு மந்தமாகவும் இருந்தது என்றும் அதே ஆய்வு கூறியது. பொருந்துவது மூன்றாம் சாளரம் வரை என்று மேலே நிறுவியாகிவிட்டதால், இச்சான்று நம் பக்கமே சாய்கிறது. இனி, நேரம் மிச்சமாகும் என்ற வாதம். ஒரு முறைக்கு 3 விநாடி, நாளொன்றுக்கு 100 முறை மிச்சம் என்று கொண்டால் நாளைக்கு 5 நிமிடம். கன்ஃபிக் ஃபைல் எழுதி முடிக்க 20 மணி நேரம் என்று மிகக் குறைவாகவே கொண்டால், முதல் திரும்ப 240 நாள் ஆகும். 239-ஆம் நாள் பயனர் ஹைப்பர்லேண்டுக்கு மாறுகிறார்; அதன் கன்ஃபிக் எழுத்துமுறை வேறு. கணக்கு மீண்டும் பூச்சியத்தில் தொடங்குகிறது.

வரப்புப் பிரச்சினைக்கு வருவோம். ஒரு பிக்சலும் வீணாகக் கூடாது என்று வழக்காடியவர்களே, பிரித்த பங்குகளுக்கு நடுவே வெற்றிடம் விட்டு, அதன் வழியே மலைக்காட்சியோ மழைக்காட்சியோ தெரியும்படி செய்கிறார்கள். ஐ3 முதலில் இதற்கு இடம்தரவில்லை. வரப்புக் கட்சியினர் ஐ3-கேப்ஸ் என்று தனியே பிரிந்துபோய்ப் பல ஆண்டுகள் வாழ்ந்தனர். 2023 ஜனவரியில் ஐ3-இன் 4.22 பதிப்பில் இரு குடும்பங்களும் ஒன்றாயின. பிரிவினைக்காகப் பிறந்த மென்பொருளின் வரலாற்றில் இதுவொரு அரிய கூடல். வரப்பால் வாழ்விடம் அழியுமோ என்ற ஐயத்தையும் கணித்துப் பார்க்கலாம். சுற்றிலும் நடுவிலும் 20 பிக்சல் வரப்பு, மேலே 24 பிக்சல் பட்டை என்று கழித்தால் மூன்றாம் சாளரத்தின் உயரம் 498. அதாவது சரியாக 24 வரி. விடி100 ஒரு நூலிழையில் தப்புகிறது.

எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாதவர்களும் உண்டு. உரையாடல் பெட்டிகள் விருந்தாளிகள்; பங்கில்லாமல் மிதந்துவிட்டுப் போகும். ஜாவா நிரல்களோ நீதிமன்றத்தையே அங்கீகரிப்பதில்லை. சாளரத்தைச் சட்டகத்துக்குள் பொதியாத மேனேஜர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றை ஜாவா உள்ளே வைத்திருக்கிறது; அத்தகைய மேனேஜர் ஒன்றின் பெயர் அதில் இல்லையெனில், அதன்கீழ் ஜாவா சாளரம் வெற்றுச் சாம்பல் சதுரமாக நின்றுவிடும். இதற்குப் பரிகாரம், விண்டோ மேனேஜர் தன் பெயரை எல்ஜி3டி என்று பொய்யாக மாற்றிச் சொல்வது. அது சன் நிறுவனம் எப்போதோ செய்து கைவிட்ட முப்பரிமாணத் திரையின் பெயர். ஆள்மாறாட்டத்தால் மட்டுமே நிலைநாட்டப்படும் சட்டம் என்ற வகையில் இது தனி ஆய்வுக்குரியது.

அமைக்கத் துணிந்தவர்களுக்கு ஒரு சொல். ஐ3-ஐ முதன்முறை திறந்ததும், மோட் விசையாக விண்டோஸ் சாவியா ஆல்ட் சாவியா என்று அது கேட்கும். விண்டோஸ் சாவியையே சொல்லுங்கள். ஆல்ட் சாவியைப் பிரவுசர் முதலிய நிரல்கள் ஏற்கெனவே தமக்கு எடுத்துக்கொண்டிருக்கின்றன. பிறகு மனப்பாடம் செய்ய வேண்டிய முதல் விசை மோட்டுடன் எஃப். அது கவனத்தில் உள்ள சாளரத்தை முழுத் திரைக்கு விரித்துவிடும்.