புக் பேக் பண்டிதர்

பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தை மேசைமேல் நிமிர்த்தி வைத்துக் கையை எடுங்கள். அது தானாக எந்தப் பக்கத்தில் விரிகிறதோ, அதுதான் உடையவரின் ஜாதகம். நம்மவர் புத்தகம் பாடத்தின் கடைசியில், 'புக் பேக்' என்னும் பயிற்சி வினாக்கள் இருக்கும் இடத்தில்தான் விரியும். அந்தப் பக்கங்களுக்கு மட்டும் ஓரம் கறுத்திருக்கும். சரியான விடைகளுக்குப் பென்சில் டிக், அதன்மேல் பேனா டிக், அதற்கும்மேல் ஒரு டீக்கறை. முன்னால் இருக்கும் பக்கங்களிலோ அச்சு வாசனைகூடப் போயிருக்காது. மின்காந்தத் தூண்டல் பாடம் நாளைக்கு ஆரம்பம் என்றால், லென்ஸ் விதி என்ன சொல்கிறது என்பதை அவர் ஆசிரியர் வாயால்தான் முதன்முதலில் கேட்பார். ஆனால் அதைப் பற்றிய ஒன் வேர்டுக்கு விடை (ஆ) என்பது அவருக்கு ஜூன் மாதமே தெரியும்.

இவரைச் சோம்பேறி என்று ஸ்டாஃப் ரூமில் சொல்வது அபாண்டம். விடியற்காலை டியூஷன், பகலில் பள்ளி, ஞாயிற்றுக்கிழமை நீட் பயிற்சி என்று ஒரே லென்ஸ் விதியை மூன்று இடத்தில் உட்கார்ந்து கேட்கிறவர் எப்படிச் சோம்பேறி ஆவார்? அவர் சிக்கனக்காரர். புத்தகத்தில் இருக்கும் டெரிவேஷனையே ஆசிரியர் கரும்பலகையில் எழுதப்போகிறார், அதையே நோட்டில் எழுதச் சொல்லப்போகிறார், அதையே தேர்விலும் கேட்கப்போகிறார்கள். எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணில் முந்தின நாளே படித்துவிட்டு வந்ததற்கென்று ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. பந்தியில் இலை போட்டுப் பரிமாறப்போவது உறுதி என்றால், வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு யார் கல்யாணத்துக்குப் போவார்கள்? படிக்காமல் வரும் பழக்கத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்ததே, புத்தகத்தைத் திருப்பிச் சொல்லும் வகுப்புதான்.

இந்தச் சங்கடம் ஹார்வர்டு வரைக்கும் உண்டு. அங்கே இயற்பியல் நடத்தும் எரிக் மசூர், மாணவர்கள் கேட்டார்களே என்று தம் வகுப்புக் குறிப்புகளை முன்கூட்டியே கொடுத்தார். பருவ முடிவில் சிலர், இவர் தம் குறிப்பில் இருப்பதையே நடத்துகிறார் என்று குறை எழுதிவிட்டார்கள்! குறை நியாயமானதுதான். 1990களின் தொடக்கத்தில் அவர் முறையையே மாற்றினார்: படிப்பது வீட்டில், வகுப்பில் கேள்வியும் பக்கத்து இருக்கைக்காரரோடு வாதமும் மட்டும். பாடத்தை முழுக்கத் திருப்பிச் சொல்வது நின்றது. படித்துவிட்டு வருவதற்குச் சிறு மதிப்பெண்ணும் வைத்தார்.

"அது ஹார்வர்டு சார், இங்கே போர்ஷன் முடிக்க வேண்டாமா?" என்பார்கள். போர்ஷனை முடிப்பது ஆசிரியர்; நம்மவர் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. புத்தகம் கடினம், முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பிள்ளை தனியாகத் திணறும் என்பார்கள். இது கனமான வாதம்; சிரித்துத் தள்ள முடியாது. அதனால்தான் வகுப்புக்கு முன் படித்து வர முழுப் பாடம் வேண்டாம், இரண்டு பக்கம் போதும். விடையும் வேண்டாம், திணறிய வரியை எழுதி வந்தால் போதும். முதல் வாரம் எல்லாரும் "எல்லாம் புரிந்தது சார்" என்றே எழுதுவார்கள் என்பது நிச்சயம். அப்போது கேட்க வேண்டியது இது: காந்தத்தைக் கம்பிச்சுருளுக்குள் தள்ளும்போது சுருள் எதற்காக எதிர்க்கிறது? எதிர்க்காமல் இழுத்துக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? காந்தம் சும்மாவே வேகம் பிடிக்கும், மின்சாரமும் இனாமாக வரும், மின்வாரியத்தையே இழுத்து மூடிவிடலாம். அப்படி நடக்க ஆற்றல் மாறா விதி விடாது. இந்த விளக்கம் பாடத்தின் உள்ளே இருக்கிறது, (ஆ)வில் இல்லை.

பள்ளி வாசலில் நண்பனைப் பார்த்து எழுதிவிடுவாரே என்றால், எழுதுவார். ஆனால் விடையைக் காப்பியடிப்பதுபோல் சந்தேகத்தைக் காப்பியடிப்பது சுலபமல்ல. ஒரே பெஞ்சில் நான்கு பேருக்கு ஒரே வரியில், ஒரே எழுத்துப்பிழையோடு சந்தேகம் வந்தால் ஆசிரியருக்குத் தெரியாமல் போகாது.

அகமதிப்பீடு என்று பள்ளியின் கையிலேயே 10 மதிப்பெண் இருக்கிறது. அதில் ஒன்றே ஒன்றை நாளைய பாடத்தின் முதல் இரண்டு பக்கங்களில் வைத்துப் பாருங்கள், ஐயா. ஒரு மதிப்பெண் எங்கே கிடந்தாலும் நம்மவர் மோப்பம் பிடித்துவிடுவார்.