பேரேட்டைக் கிழித்த கணக்குப்பிள்ளை

எங்கள் செட்டியார்பட்டியிலிருந்து முகவூர் சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். சின்ன வயதில் முகவூரில் இருந்துவிட்டு ஏழு வயதில் அமெரிக்கா போன சிவா அய்யாதுரையின் பெயர் 2012 பிப்ரவரியில் அங்கத்திய பத்திரிகைகளில் பலமாக அடிபட்டது. 1978இல், மீசை முளைக்காத 14 வயதில், நியூஜெர்சியில் ஒரு மருத்துவக் கல்லூரிக்காக அலுவலகக் கடிதப் போக்குவரத்தையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரும் புரோகிராம் ஒன்றை எழுதி, அதற்கு ‘ஈமெயில்’ என்று பெயரும் வைத்தவர் அவர். 1982இல் பதிப்புரிமையும் வாங்கினார். அந்தக் காகிதங்களை வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் பெற்றுக்கொண்டதும் சண்டை ஆரம்பித்தது. 1971லேயே ரே டாம்லின்சன் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் விட்டு, ஆளின் பெயருக்கும் கம்ப்யூட்டரின் பெயருக்கும் நடுவே ‘அட்’ குறியையும் போட்டாயிற்றே என்று விவரம் தெரிந்தவர்கள் வரிந்துகட்டினார்கள். நியாயம் அவர்கள் பக்கம் என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் அதை முகவூர் டீக்கடையில் சொல்லிவிட்டு நான் எந்த வழியாக வீடு திரும்புவது?

ஆக, மின்னஞ்சலைக் கண்டுபிடித்தது யார் என்பதில்தான் தகராறு. இந்த வட்டாரத்தில் 11 ஜிபி மின்னஞ்சலை ஒரே ராத்திரியில் ஒழித்துக்கட்டியது யார் என்பதில் தகராறே கிடையாது. நான்தான். அதே 2012இல்தான்.

ராஜபாளையத்தில் ஒரு மில்லில் 31 வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் இருந்தால் சாம்பாரில் உப்பைப் பற்றிக் கருத்துச் சொல்கிறேன் என்பதால், என் மனைவி தன் தம்பியிடம் பேசி, தளவாய்புரத்தில் அவன் வைத்திருந்த நைட்டி கம்பெனிக்கு என்னை அனுப்பிவைத்தாள். தளவாய்புரம் நைட்டி என்றால் கேரளா வரைக்கும் தெரியும். அங்கே கட்டிங் மாஸ்டருக்கு வேலை உண்டு, ஓவர்லாக் அடிக்கிற பெண்களுக்கு வேலை உண்டு, நூல் வெட்டுகிற பாட்டிக்குக்கூட வேலை உண்டு. எனக்கு மட்டும் ‘மேனேஜர்’ என்று ஒரு பட்டமும் மத்தியானச் சாப்பாடும்.

மச்சினனுக்கு மலேசியாவில் ஒரு வியாபாரி கிடைத்திருந்தான். கம்பெனி பேரிலேயே மெயில் முகவரி இருந்தால்தான் வெளிநாட்டுக்காரன் மதிப்பான் என்று யாரோ ஓதிவிட்டார்கள். 2011இல் திருப்பூரில் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட சமயம், அங்கே கடையைக் கட்டிய ஒருவரிடமிருந்து பழைய சர்வர் ஒன்றை வாங்கிவந்தான். சின்னக் கம்பெனிகளுக்கென்று விற்ற விண்டோஸும் அதோடு ஒட்டிப் பிறந்த எக்ஸ்சேஞ்ச் 2003 மெயில் சர்வரும் அதற்குள் இருந்தன. மாடிப்படிக்கு அடியில், கட்பீஸ் மூட்டைக்குப் பக்கத்தில், சாமி மாடம் மாதிரி வைத்தோம். “அத்தான், இதை நீங்க பாத்துக்கோங்க” என்றான். பார்த்துக்கொண்டேன். அதாவது, தினம் ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன்.

பொட்டு வைத்த மறு வாரம் அது போய்ச் சேர்ந்தது.

2012 மின்வெட்டு யாருக்கும் மறந்திருக்காது. ஒரு மணி நேரம் வந்தால் ஒரு மணி நேரம் போகும். மின்சாரம் போனால் சர்வரைப் பதமாக நிறுத்துவதற்குப் பத்து நிமிஷம் அவகாசம் கொடுக்கட்டும் என்று ஒரு யூபிஎஸ் வைத்திருந்தான் மச்சினன். அதில் என் டேபிள் ஃபேனைச் செருகியது நான். சர்வருக்கு வேர்க்காது, எனக்கு வேர்க்கும். அந்த ஃபேன் என் சட்டைக்குள் காற்றை நிரப்பிய வேகத்தில் பேட்டரி காலியாகி, ஒரு மத்தியானம் சர்வர் ‘டுக்’ என்று நின்றது. மறுபடி போட்டேன். இயந்திரம் எழுந்தது, மெயில் எழவில்லை.

பெங்களூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டேன். அவன் சொன்ன கட்டளையைத் தட்டினால், திரையில் ‘டர்ட்டி ஷட்டவுன்’ என்று வந்தது. அழுக்கு என்கிறதே என்று நூல் வேஸ்டை எடுத்து, உள்ளும் புறமும் நன்றாகத் துடைத்தேன். மறுபடி தட்டினேன். அப்போதும் அழுக்கு என்றே சொன்னது. திருமணமாகி 35 வருஷம் ஆனவனுக்கு இது பழக்கமில்லாத அனுபவம் அல்ல.

பிற்பாடு புரிந்த விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது கணக்குப்பிள்ளைக்குப் புரியாமல் போனதுதான் வெட்கக்கேடு. மெயில் சர்வர் செய்வது முழுக்க முழுக்க நம் சிட்டை, பேரேடு சமாச்சாரம். ஒரு மெயில் வந்தால் அதை நேராகப் பேரேட்டில் ஏற்றாது. முதலில் சிட்டையில் குறித்துக்கொள்ளும். ஒவ்வொரு சிட்டையும் 5 எம்பி. கை ஒழிந்தபோது அதைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றும். பேரேட்டில் ஒவ்வொரு பக்கமும் 4 கேபி. எங்களுடைய 11 ஜிபிக்குக் கிட்டத்தட்ட 29 லட்சம் பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அந்தப் பக்கத்தின் கூட்டுத்தொகை இருக்கும். படிக்கும்போது கூட்டிப் பார்த்துத் தொகை இடித்தால், அந்தப் பக்கம் கெட்டது. சிட்டையில் இருப்பதைப் பேரேட்டில் ஏற்றி முடிப்பதற்குள் கடையைச் சாத்திவிட்டுப் போனால் அதற்குப் பெயர்தான் ‘டர்ட்டி ஷட்டவுன்’. பயப்பட ஒன்றுமில்லை. சிட்டை பத்திரமாக இருந்தால், விட்ட இடத்திலிருந்து ஏற்றிவிடலாம். அதற்கென்றே தனிக் கட்டளை இருக்கிறது. மில்லில் இதைத்தான் நான் 31 வருஷம் செய்தேன்.

ஆனால் அந்தச் சிட்டைகளின் பெயர் ‘லாக்’ என்று முடிந்தது. இ00.லாக், இன்னொரு லாக், அதற்கடுத்து ஒரு லாக். ஓகோ, இத்தனை பூட்டுப் போட்டிருந்தால் மெயில் எப்படித் திறக்கும் என்று எல்லாப் பூட்டையும் அழித்தேன். குப்பைக் கூடையையும் காலி செய்தேன். செய்வன திருந்தச் செய்.

மகன் இரண்டாவது தடவை பேசியபோது குரல் மாறியிருந்தது. “அப்பா, இனிமே எதைத் தொட்டாலும் முதல்ல ஒரு காப்பி எடுத்துக்கோங்க.” போன் ஸ்பீக்கரில் இருந்தது. சாப்பாட்டுக் கேரியர் எடுத்துப்போக வந்த மனைவி அதைக் கேட்டு, பக்கத்துக் கடையில் சொல்லி ஒரு காப்பி வரவழைத்தாள். நகலைத்தான் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். தெரியாதென்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் கையில் இருந்தது 4 ஜிபி பென்டிரைவ். வந்த காப்பியைக் குடித்தேன். சொன்னதைச் செய்து முடித்த நிறைவு எப்படியோ வந்துவிட்டது.

அன்று ராத்திரி, மகனிடம் சொல்லாமல், சாய்கோடு போட்டு ‘பி’ என்ற கட்டளையைக் கொடுத்தேன். ‘பி’ என்றால் ரிப்பேர். தகவல் தொலைந்துபோகலாம், தொடரவா என்று அது ஒரு பெட்டி போட்டுக் கேட்கத்தான் செய்தது. பாங்கில் நீட்டுகிற இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை, ஓகேயை அழுத்தியது. அந்த ரிப்பேர் செய்யும் வேலை என்ன தெரியுமா? தொகை இடிக்கிற பக்கத்தைச் சரி செய்யாது. கிழித்துப் போட்டுவிட்டு, மிச்சப் பக்கங்களை ஒட்டித் தைத்து, பேரேடு ரெடி என்று சொல்லும். மற்ற எல்லா வழியும் அடைத்த பிறகு, நகல் எடுத்துவைத்துக்கொண்டு, கடைசியில் தொட வேண்டியதை நான் முதலில் தொட்டேன். அதுவும் மணிக்கொரு தரம் மின்சாரம் போகிற ஊரில். பாதி ஆபரேஷனில் விளக்கணைந்தது. மறுபடி வந்ததும் மறுபடி வெட்டினேன். விடிய விடிய நான்கு முறை.

காலையில் மச்சினனிடம் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். “மாப்ளே, போன வருஷம் பிப்ரவரியில கூகிள்லயே கொஞ்சப் பேருக்கு ஜிமெயில் மொத்தமா காணாமப் போச்சு. ஒரு சாஃப்ட்வேர் மாத்தினதுல வந்த கோளாறு. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே...”

“அவங்க டேப்ல ஒரு நகல் வச்சிருந்து எடுத்துக் கொடுத்தாங்க அத்தான். நாம எதுல வச்சிருக்கோம்?”

நூல் வெட்டுகிற பாட்டிகூடத் தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

சென்னையில் அப்போது இரண்டு மணி நேரம்தான் மின்வெட்டு. ரிச்சி தெருவில் ஆள் இருக்கிறார் என்று மகன் விசாரித்துச் சொன்னான். ஹார்ட்டிஸ்கை மட்டும் கழற்றி எடுத்துப்போனால் போதும் என்றும் சொன்னான். இனி இதில் ஒரு திருகாணியைக்கூடத் தொடமாட்டேன் என்று அய்யனார் கோவில் இருக்கிற திசையைப் பார்த்துச் சத்தியம் செய்திருந்ததால், முழுப் பெட்டியையும் நைட்டித் துணியில் சுற்றிப் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏற்றினேன். பூப்போட்ட துணிக்குள் கிடந்ததைப் பார்த்து எதிர் சீட்டுக்காரர் கேட்டார்: “என்ன அண்ணாச்சி, கிரைண்டரா?” விவரம் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, “அப்ப லெட்டர் போட்டவங்ககிட்டயே மறுபடி ஒரு லெட்டர் போடச் சொல்லிக் கேட்டா ஆகாதா?” என்றார். அந்த யோசனை எங்கள் யாருக்கும் வரவில்லை. அந்த மலேசிய வியாபாரியின் ஆர்டரைக் கடைசியில் அப்படித்தான் வாங்கினோம். தான் அனுப்பிய நகலை அவன் ஐந்தே நிமிஷத்தில் திருப்பி அனுப்பினான்.

ரிச்சி தெருப் பையனுக்கு என் மகன் வயது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு கிலோவை முதலில் மேஜையில் வைத்தேன். டாக்டர் மாதிரி கேட்டான்: “வீட்டு வைத்தியம் ஏதாவது பண்ணீங்களா சார்?” சிட்டையை அழித்ததைச் சொன்னேன். ‘பி’ போட்டதைச் சொன்னேன். “எத்தனை தடவை?” “நாலு.” அவன் பால்கோவா டப்பாவைச் சற்றே என் பக்கம் நகர்த்தினான். பிறகு மனம் இரங்கி, டிஸ்கைக் கழற்றி, முதல் வேலையாக அப்படியே ஒரு நகல் எடுத்தான். வேலையெல்லாம் நகலின் மேல்தான். அசல் ஓரமாக உட்கார்ந்திருந்தது, என்னைப் போல.

நான்காம் நாள் போன் வந்தது. “கொஞ்சம் போனது போச்சு சார். மிச்சம் வந்திருச்சு. நீங்க டெலிட் பண்ணி வச்சதும் நிறைய சேர்ந்தே வந்திருக்கு!”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் சந்தோஷமாகச் சொன்னான். எனக்குக் காது அடைத்தது. நாம் ஒரு மெயிலை அழித்தால், அது பொருளடக்கத்தில்தான் அடிபடுகிறது. எழுதிய பக்கம் அப்படியே கிடக்கும். வேறு கணக்கெழுத அந்தப் பக்கம் தேவைப்படும்வரை பழைய எழுத்து அங்கேயே இருக்கும். பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடுகிறவனுக்கு, இருப்பது எது, செத்தது எது என்ற பேதம் கிடையாது.

இங்கே ஒரு பழைய விஷயம். முந்தின வருஷம் கோயம்புத்தூரில் இருக்கும் பெரிய மைத்துனரிடம் நாற்பதாயிரம் கைமாற்று வாங்கியிருந்தேன். அவர் நாகரிகமான மனிதர். போனில் கேட்கக் கூசி மெயிலில் கேட்டார். நான் அதைவிட நாகரிகமானவன், படித்ததும் அழித்துவிடுவேன். ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தவர் மெல்லப் பேச்சை எடுத்தபோது, “மெயிலே வரலையே” என்றேன். அவர் ஏதோ முணுமுணுக்க, என் மனைவி சீறிவிட்டாள். “அவர் வரலைன்னா வரலைதான். என் வீட்டுக்காரர் பொய் சொல்லமாட்டார்.” தேர் நிலைக்கு வரும்வரை அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை.

மீண்டுவந்த மெயில்கள் தேதி, ஆள், வரிசை எதுவும் இல்லாமல் ஒரே குவியலாக வந்தன. பிரித்துவைக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினன், கல்லூரியில் படிக்கிற அவன் மகள், என் மனைவி மூன்று பேரும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்கள். நான் தண்ணீர் மோட்டார் போடப் போனேன். அதைப் போடுவதற்கு அவ்வளவு நேரம் ஆகாது என்பது உண்மைதான்.

திரும்பி வந்தபோது அந்தப் பெண் விளக்கிக்கொண்டிருந்தாள். “அத்தை, மஞ்சளா மூடின கவர் இருந்தா இன்னும் படிக்கலைன்னு அர்த்தம். திறந்த கவர் இருந்தா மாமா படிச்சிட்டாங்கன்னு அர்த்தம்.”

என் மனைவி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையில் விரல் வைத்து எண்ணினாள். பெரிய மைத்துனர் பெயரில் நான்கு. நான்கும் திறந்த கவர்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய் அண்ணனுக்குப் போன் போட்டாள். அன்று மத்தியானச் சாம்பாரில் உப்பே இல்லை. நான் கருத்தும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை பாங்க் திறந்ததும் நாற்பதாயிரத்தைப் போட்டேன். மச்சினன் புது சர்வர் வாங்கவில்லை. மாதச் சந்தாவுக்கு மெயிலை வெளியே ஒரு கம்பெனியிடம் கொடுத்துவிட்டான். டேபிள் ஃபேன் இப்போது வீட்டில் இருக்கிறது. ‘பணம் வந்து சேர்ந்தது’ என்று பெரிய மைத்துனர் போட்ட ஒற்றை வரி மெயிலை மூன்று இடத்தில் காப்பி எடுத்து வைத்திருக்கிறேன்.