இராவணா கண்ணுக்குத் தெரியுமா?

கேள்வி: பசறைப் பக்கத் தோட்டத்தில் இருக்கிறோம். தம்பியிடம் ஒரு பழைய பைனாகுலர் உண்டு. நம் நாட்டுச் செய்மதி 'இராவணா-1' அதில் தெரியுமா? - ஒரு வாசகி, பதுளை

பதில்: தெரியாது, தங்கச்சி. பெயர்தான் இராவணன், உடம்பு 10 சென்ரிமீற்றர் பெட்டி, எடை ஏறக்குறைய 1 கிலோ. 2019 ஜூன் 17 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து இறங்கியது, பிறகு வளிமண்டலத்தில் எரிந்தும் போனது. ஆனால் அதை இறக்கிவிட்ட நிலையம் இன்னும் சுற்றுகிறது. அதைப் பார்க்க வெறும் கண்ணே போதும். 400 கிலோமீற்றர் உயரத்தில், சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று. மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். விட்டு விட்டு மின்னினால் அது விமானம். நடுவானில் சட்டென்று மறைந்தால் பதறாதீர்கள், பூமியின் நிழலுக்குள் நுழைந்திருக்கிறது. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் அந்த நிழல் சீக்கிரம் ஏறிவிடும். இருட்டிய முதல் ஒரு மணி நேரம்தான் நல்ல வேட்டை.

பைனாகுலருக்கும் வேலை இருக்கிறது, மங்கலான செய்மதிகளுக்கு. தம்பி பார்க்கட்டும், நீங்கள் கடிகாரத்தைப் பிடியுங்கள். தெரிந்த இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே செய்மதி எந்த விநாடியில் கடந்தது என்று எழுதுங்கள். அத்தகைய குறிப்புகள் பல சேர்ந்தால் சுற்றுப்பாதையைக் கணக்கிடலாம். 1957இல் ஸ்புட்னிக் பறந்தபோது 'மூன்வாட்ச்' தொண்டர்கள் செய்ததும் இதுதான். அவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வானம் உங்களுக்குக் கிடைக்காது. ஜூலை, ஓகஸ்ட்தான் காலம்: ஊவாத் தேயிலைக் கொழுந்துக்கு மணம் ஏற்றும் அதே வறண்ட காற்றுதான் நமுனுகுல மலை மேல் மேகத்தையும் விரட்டுகிறது.